திருமலையில் இண்டி படம், பாட்டு, இரவு உடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் சில பேர் சேர்ந்து திருகோணமலை டவுனில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இடைக்கிடை படம் போடுகிறோம். படம் முடிந்து கதிரை அடுக்கும்போதுதான் கேள்விகள் தொடங்கும். வீட்டுக்குப் போன பிறகு அதே கேள்விகள் வட்ஸ்அப்பில் வரும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பதில்கள் என் அபிப்பிராயம். சண்டை பிடிக்க விரும்புபவர்கள் அடுத்த படத்துக்கு வரலாம், பிளேன்ரீ தருவோம்.

இண்டி படம் எண்டா என்ன அக்கா? ஆர்ட் படத்தைத்தானே சொல்றீங்க?

இல்லை. ஆர்ட் படம் என்பது எடுத்த விதத்தைப் பற்றிய பேச்சு. இண்டி என்பது காசு யாருடையது, கடைசி முடிவை எடுப்பது யார் என்பதைப் பற்றியது. பெரிய கம்பனி இல்லாமல் எடுத்த பேய்ப்படமும் இண்டிதான். அதில் ஒருவர் ஐந்து நிமிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆனால் எல்லைக்கோடு எப்போதும் நேராக இருக்காது. பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 இல் ரொட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அதன் தயாரிப்பாளர்கள் நயன்தாராவும் விக்னேஷ் சிவனும். வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி'யைத் தயாரித்தவர் சிவகார்த்திகேயன். நட்சத்திரக் காசு வந்தால் அது இண்டி இல்லையா என்று எங்கள் மாடியில் ஒரு இரவு முழுக்க வாக்குவாதம் நடந்தது. 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. காசு போட்டவர் ஒரு பாட்டைத் திணிக்கவில்லை என்றால், என் கணக்கில் அது இண்டிதான்.

இந்தப் படமெல்லாம் திருமலையில எங்க பாக்கிறது? தியேட்டருக்கு வருமோ?

வராது. தியேட்டர்காரர் மேல் கோபப்பட்டும் பயனில்லை, அவருக்குக் கரண்ட் பில் இருக்கிறது. ஓடிடியில் கொஞ்சம் கிடைக்கும். கொழும்பில் கோதே நிறுவனமும் அலியான்ஸ் பிரான்சேஸும் படம் போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. ஒரு தடவையாவது பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். படத்தைவிட, படம் முடிந்து இயக்குநரிடம் ஒரு வயசான அம்மா எழும்பிக் கேட்கிற கேள்விகளுக்காகவே போகலாம்.

எங்கட ஆக்கள் எடுத்த தமிழ்ப் படம் இருக்கோ? எல்லாம் சென்னைதானோ?

இருக்கிறது, பார்க்கத்தான் கிடைப்பதில்லை. இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962 இல் வந்தது. 1978 இல் செங்கை ஆழியானின் நாவலை வைத்து 'வாடைக்காற்று' எடுத்தார்கள். அதற்கு முந்திய வருடம் தர்மசேன பத்திராஜ 'பொன்மணி'யை யாழ்ப்பாணத்தில் எடுத்தார். சீதனத்தில் சிக்கிய குடும்பத்தைப் பற்றி ஒரு சிங்கள இயக்குநர் தமிழில் எடுத்த படம் அது. இன்றைக்குப் பார்த்தாலும் வேகமில்லை என்று சொல்வீர்கள், பொய்யென்று சொல்ல மாட்டீர்கள். போருக்குப் பிறகு அசோக ஹந்தகம 2012 இல் எடுத்த 'இனி அவன்', ஊர் திரும்பும் முன்னாள் போராளியைப் பற்றியது. 2015 இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'தீபன்' பிரெஞ்சுக்காரர் எடுத்த படம். அதில் முக்கிய பாத்திரத்தில் நடித்தவர் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி.

இனித் திருமலைக்காரர் காலரைத் தூக்கிவிடலாம். முதல் முழுநீள சிங்கள வண்ணப்படம் 'ரன்முத்து தூவ', 1962 இல் வந்தது. அதன் கடலடிக் காட்சிகள் எங்கள் கோணேசர் மலைப் பக்கக் கடலில் எடுத்தவை. இயக்கியவர் மைக் வில்சன், தயாரிப்பில் ஆர்தர் சி. கிளார்க். ஸ்டூடியோக் கும்பலை நம்பாமல், தண்ணீருக்குள் கமரா கொண்டுபோகத் தெரிந்த சிலர் பிடித்த பிடியில் எடுத்த படம். அதாவது இந்த ஊரில் இண்டி புதுசில்லை. நீங்கள் பிறப்பதற்கு முதலே அந்தக் கோணேசர் மலைக்குக் கீழே சுழியோடிப் படம் எடுத்துவிட்டார்கள்.

பழக்கமில்லாத ஆளுக்கு முதல்ல எந்தப் படம்?

'காக்கா முட்டை'. சிரித்துக்கொண்டே பார்க்கலாம், அம்மாவும் கூட இருக்கலாம். அது பிடித்தால் அடுத்தது 'கூழாங்கல்'. ஒரு அப்பாவும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஒன்றேகால் மணித்தியாலம்தான் ஓடும். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் போட்டால் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை, எல்லாருக்கும் தாகம் எடுக்கும்.

டெலிகிராம்ல எல்லாம் கிடக்குதே, அதை எடுத்துப் போட்டா என்ன?

வீட்டில் தனியாக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் எட்டிப்பார்க்கப் போவதில்லை. ஆட்களைக் கூட்டிப் போடுவது வேறு விஷயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவில் காட்ட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தணிக்கைச் சபையின் அனுமதி என்பது அதற்கு மேல் தனியாக இன்னொன்று.

சின்னப் படக்காரர்களிடம் கேட்பது நினைக்கிற அளவு கஷ்டமில்லை. இன்ஸ்டாகிராமில் "அண்ணா, திருமலையில் முப்பது பேருக்குப் போட விருப்பம், காசு வாங்க மாட்டோம்" என்று எழுதினால் பலர் சந்தோஷமாக லிங்க் அனுப்புவார்கள். சிலர் வீடியோ அழைப்பில் வந்து பேசவும் செய்வார்கள். பதில் வராவிட்டால் வேறு படம் போடுங்கள்.

நாங்களே ஒரு இடத்தில படம் போட என்னென்ன சாமான் வேணும்?

வெள்ளைப் பெட்சீற், ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர், நீளமான வயர். ப்ரொஜெக்டர் பெட்டியில் ஒன்பதாயிரம் லூமன் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஏ.என்.எஸ்.ஐ. லூமன், அதாவது தரமுறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல இருட்டில் இரண்டு மீற்றர் அகலத் திரைக்கு முந்நூறு போதும். நல்ல இருட்டு என்பதுதான் முக்கியம். ஏழேகால், ஏழரைக்கு முன் தொடங்கினால் கதாநாயகன் வெறும் சாம்பல் நிழலாகத் தெரிவான்.

எல்லாரும் படத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள். உண்மையில் கூட்டத்தைக் கலைப்பது சத்தம். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். உதடு அசைந்து முடிந்த பிறகு வசனம் கேட்டால் பத்தாவது நிமிடத்தில் எல்லாரும் போனை எடுத்துவிடுவார்கள். வயர் போட்டு இணையுங்கள். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில், காது உயரத்தில் வையுங்கள். சப்டைட்டில் கீழ்வரியில் வரும் என்பதால் திரையின் அடிப்பக்கம் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே இருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஆட்கள் எல்லாரும் வருவதால் சப்டைட்டில் இல்லாமல் தொடங்குவதே இல்லை.

அப்புறம் காற்று. ஜூன், ஜூலையில் கச்சான் தரைப்பக்கமிருந்து அடிக்கும். பெட்சீற்றின் மேல் இரண்டு மூலையை மட்டும் கட்டினால் அது பாயாகிவிடும், நடிகையின் முகம் வயிறு மாதிரி உப்பும். அடிமடிப்பைத் தைத்து ஒரு குழாய் போலாக்கி, அதற்குள் ஈர மணலை நிரப்பி, கீழ் மூலைகளையும் கட்டுங்கள். எங்கள் திரையின் மடிப்பில் போன வருட மணல் இன்னும் இருக்கிறது.

சுயாதீன இசை எண்டா ராப் மட்டும்தானோ?

இப்போது அப்படித்தான் தெரியும். ராப்புக்கு ஒரு போனும் ஒரு பீட்டும் போதும் என்பதால் அதுதான் அதிகம் வருகிறது. ஆனால் இலங்கைத் தமிழரின் சுயாதீன இசை எழுபதுகளின் பொப்பிசையில் இருந்தே இருக்கிறது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் எல்லாரும் சினிமாவை நம்பாமல் பாடிப் பேர் எடுத்தவர்கள். 'சுராங்கனி' மீன் கொண்டுவந்த கதை. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டை இந்தியாவே பாடியது. இன்றைக்கு கலியாண வீட்டில் மாமாமார் ஆடும் பாட்டு என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த மாமாமார் அன்றைக்கு பெல்பொட்டம் போட்ட இண்டிக்காரர்.

2021 இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யும் சினிமாவுக்கு வெளியே வந்ததுதான். அதை எழுதிப் பாடிய ராப் பாடகர் அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், அந்தப் பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. அதைச் சென்னைப் பாட்டு என்று மட்டும் சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

பைலா சிங்களப் பாட்டுத்தானே? அதை ஏன் எங்கட லிஸ்டில போடுறீங்க?

பைலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் நீங்கள் எங்கள் திருமலைப் பாலையூற்றுக்கு வந்து நிற்பீர்கள். போர்த்துக்கீசரும் ஆபிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த ஆட்களும் விட்டுப்போன கப்ரிஞ்ஞா ஆட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் பைலா. திருமலையிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் பறங்கிக் குடும்பங்கள் அதைக் கலியாண வீட்டில் இன்னும் ஆடுகின்றன. மூத்தவர்கள் வீட்டில் போர்த்துக்கீசக் கிரியோல் பேசுகிறார்கள். வெளியே வந்தால் எங்களைப் போலவே தமிழ்.

வயலின் தொடங்கியதும் ஜோடிகள் எதிரெதிராக நிற்பார்கள். கால் எட்டுக்கு ஆறு தாளத்தில் போகும், உடம்பின் மேல்பாகம் அசையாது, முகத்தில் சிரிப்பும் பெரிதாக இருக்காது. டிஜே போடும் பைலாவுக்குக் கையைத் தூக்கிக் குதித்துப் பழகிய எங்களுக்கு அந்த அடக்கம் முதலில் விளங்காது. பீட் செய்யும் தம்பிமார் இந்தத் தாளத்தைவிட்டு அமெரிக்காவின் அட்லாண்டா ட்ராப் ராப்பைப் பிரதி எடுப்பது எனக்குப் பெரிய ஆத்திரம். ஆனால் போனை நீட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். முதலில் அறிமுகமாகுங்கள், கேளுங்கள், பதிவு செய்தால் பேர் போடுங்கள், காசு வந்தால் பங்கு கொடுங்கள்.

நான் ராப் எழுதுறன். எந்தத் தமிழில எழுதினா நல்லா ஓடும்?

எது ஓடும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் மொட்டைமாடியில் கதிரை அடுக்கிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் வீட்டில் "ஓம் அம்மா" என்று சொல்லும் பிள்ளை மைக்கைப் பிடித்ததும் வடசென்னைக்காரனாக மாறுவது காதில் குத்துகிறது. கந்தளாய் வெயில், மூதூர் பஸ், துறைமுக வேலைக்குக் காத்திருந்த அண்ணன், இவற்றை அந்தத் தமிழில் சொல்ல வராது.

திருமலையில நைட் லைஃப் எண்டு ஒண்டு இருக்கோ?

இரண்டு இருக்கின்றன. ஒன்று உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம். மே தொடங்கி செப்டம்பர் வரை வெளிநாட்டவர், கொழும்புக்காரர், சேர்ப் செய்ய அறுகம்பேக்குப் போய்த் திரும்புபவர் எல்லாரும் வரும் காலம். பாட்டு, நெருப்பு, பொரித்த மீன். வாடைக்காலம் வந்ததும் கதவில் பூட்டு. மற்றது டவுன் இரவு, அது வருடம் முழுக்க இருக்கும். டச்பே கடற்கரையில் குடும்பங்கள், கடலை, ஐஸ்கிறீம், ஒன்பது மணிக்குப் பிறகு கொத்துக்கடைத் தகடு அடிக்கும் சத்தம், ரோட்டைக் கடக்கும் புள்ளிமான்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பகுதிகள் நடுச்சாமம் தாண்டியும் விழித்திருக்கும். கோயில் திருவிழாவில் தவில் விடிய விடிய நிற்காது. டிஜேக்கள் அந்தத் தவில்காரரின் மூச்சுப் பிடியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சட்டப் பக்கம்: மதுபானம் வாங்க 21 வயது வேண்டும். போயா நாளில், அதாவது பௌர்ணமியில், விற்பனை இல்லை. உப்புவெளிக் கரை கிழக்கைப் பார்த்திருப்பதால் முழுநிலா கடலுக்குள் இருந்து நேராக எழும்பும், மாதத்தின் அழகான இரவு அதுதான். அன்றைக்குத்தான் எல்லாரும் ஜிஞ்சர் பியர் குடிக்க வேண்டும். எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை 2007 இல் உச்ச நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்றது. விசேட சந்தர்ப்பங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பத்து மணிக்குச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் அது உங்கள் மேல் உள்ள பொறாமை இல்லை.

இரவுக்குக் கறுப்புச் சேர்ட், பூட்ஸ்தானே ஸ்டைல்?

கொழும்பு ஏசிக்குள் ஸ்டைல். இங்கே பத்து மணிக்குப் பிறகு கறுப்புச் சேர்ட்டின் முதுகில் பாருங்கள். வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு விழுந்திருக்கும். நுளம்புக்கும் கறுப்பு பிடிக்கும். பூட்ஸுக்குள் ஒருதரம் மணல் போனால் அந்தப் பூட்ஸை மறந்துவிடுங்கள்.

தளர்வான பருத்தி, லினன், கைத்தறி. மருதமுனைக் கைத்தறித் துணி எங்கள் கிழக்கு மாகாணத்தில்தான் நெய்கிறார்கள். அதில் ஒரு அரைக்கைச் சேர்ட் தைத்தால் கடையில் வாங்கும் எந்த பிராண்டும் பக்கத்தில் நிற்காது. நிறம் பயப்படாமல் எடுங்கள், மஞ்சள் பல்புக்குக் கீழே கத்தரிப்பூவும் கடும்பச்சையும் அழகு. அப்பாவின் பழைய பெரிய காலர்ச் சேர்ட் அலுமாரியில் இருந்தால் தையற்கடையில் கொடுத்துத் தோளை மட்டும் குறையுங்கள், நீளத்தைத் தொட விடாதீர்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்பு விற்கும் கடைகளிலும் துழாவலாம். சின்னக் குறை இருக்கும், இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? மலிவு உலோகத் தோடு, சங்கிலி மட்டும் வேண்டாம். கடற்காற்றில் சில கிழமைகளில் பச்சை பிடிக்கும், காதும் புண்ணாகும்.

சாரம் கட்டிக்கொண்டு பார்ட்டிக்குப் போகலாமோ? சிரிப்பாங்களோ?

போகலாம். இறுக்கிக் கட்டத் தெரிந்தால் மட்டும். வெளிநாட்டவர் கட்டினால் "வாவ்" என்றும் எங்கள் தம்பி கட்டினால் "வீட்டில இருந்து அப்படியே வந்துட்டானோ" என்றும் சொல்வார்கள், அதைப் பொருட்படுத்தாதீர்கள். சுத்தமான சேர்ட், நல்ல செருப்பு, வாரிய தலை இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சில இடங்களில் வாசலில் நீளக் காற்சட்டை கேட்பார்கள், முன்கூட்டியே போன் பண்ணுங்கள்.

பொம்பிளைப் பிள்ளையள் இரவில போகலாமோ? என்ன உடுக்கிறது?

போகலாம், நான் போகிறேன். இன்ன உடுப்புத்தான் உடுக்க வேண்டும் என்று நாட்டில் சட்டம் இல்லை. ஆனால் இரவில் வெளியே நிற்கும் பெண்ணைக் கேள்வி கேட்க இன்னும் கைகொடுப்பது 1841 இன் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம், விக்டோரியா மகாராணி காலத்துச் சாமான். பெண்கள் மதுபானம் வாங்கக்கூடாது என்ற 1979 இன் விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி அதைத் திருப்பிப் போடவைத்தார். இதைச் சொல்வது பயப்படுத்த இல்லை, எதிரில் நிற்பவர் எதைச் சொல்லிக் கேள்வி கேட்கக்கூடும் என்று தெரிந்திருக்கட்டும் என்பதற்காக.

உடுப்பைவிட, திரும்பி வருவதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். தெரிந்த ஓட்டோ அண்ணரிடம் போகும்போதே நேரம் சொல்லிவிடுவேன். வீட்டில் ஒருவருக்கு இடம் தெரியும். கிண்ணியாவில் இருந்து வரும் என் சிநேகிதி, பாலம் மட்டும் இல்லாவிட்டால் இதெல்லாம் நடக்காது என்பாள். 2009 இல் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போக 'பாதை' என்ற மிதவைப் படகைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அவள் கறுப்பு அபாயாவும் வெள்ளை ஸ்னீக்கரும் போட்டு வருவாள். கறுப்பைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அவளிடம் செல்லாது, மாடியில் நன்றாக உடுத்தவள் அவள்தான். மற்றவர்களுக்கு: உட்கார்ந்து எழும்ப வசதியானது, ஒரு சால்வை, பொக்கற் கட்டாயம். பொக்கற் இல்லாத உடுப்பில் போனை வைக்க இடமில்லாமல் ஒரு கை கட்டுப்பட்டுவிடும்.

கொழும்புக்குப் போனாத்தானே இதில ஒரு ஆளா வரலாம்?

வேலை பழக வேண்டுமானால் போங்கள். சவுண்ட், எடிட்டிங், கமரா எல்லாம் அங்கேதான் பழகலாம். இரவு ரயில் இருக்கிறது, போய் வரக் கஷ்டமில்லை. ஆனால் அங்கே போனவர்கள் எடுக்கும் முதல் படம் அநேகமாக இந்த ஊரைப் பற்றியது. அதை எடுக்கத் திரும்பி வரும்போது, லொக்கேஷன் காட்ட, சாப்பாடு ஒழுங்கு பண்ண, ஆச்சியை நடிக்கச் சம்மதிக்க வைக்க இங்கே யாராவது இருக்க வேண்டும். அந்த வேலைக்கும் பேர் போடுங்கள் என்று நான் சண்டை பிடித்து வருகிறேன்.

நான் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறன். உங்கட மாடியில போடுவீங்களோ?

போடுவோம். இருபது நிமிடத்துக்குள் இருக்கட்டும், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சப்டைட்டில் வேண்டும், எம்பி4 ஆகப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். ஏழு மணிக்கு இல்லை, ஆறு மணிக்கு வாருங்கள், சத்தம் பார்க்க வேண்டும். படம் முடிந்ததும் நீங்கள் முன்னால் நிற்க வேண்டும், கேள்வி கேட்பார்கள். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பும் பழக்கம் எங்களுக்கு இல்லை. பென்டிரைவில் அந்த ஒரு படம் மட்டும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று மூன்று கோப்பு இருந்தால் எங்கள் ஆள் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உள்ளதைத்தான் அமத்துவார்.